காலி வண்டியின் எடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி சமாச்சாரங்களில் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். புஷ் தேய்ந்திருக்கும், பேரிங் போயிருக்கும், போல்ட் லூசாக இருக்கும், கீழே படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என் மனைவி தர்காவுக்குப் போய் தாயத்து ஓதி வாங்கிவந்து தருவாள், நான் அதை டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது கேளுங்கள். சிரிக்க வேண்டும் என்றால் முடிந்த பிறகு சிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் சிரித்த ஒருத்தனோடு எனக்கு இன்றுவரை சரியான பேச்சுவார்த்தை இல்லை.

என் பெயர் சிக்கந்தர். காரைக்குடியில் மெக்கானிக் பாய் என்றால் தெரியும், தெரியும் என்ன, தெரிந்திருந்தது. ரிட்டயர் ஆன பிறகு நான் பார்த்த வேலை ஒன்றுதான், சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்கள் பழைய பஸ் வாங்கும்போது வண்டியைப் பார்த்துச் சொல்வது. பள்ளிக்கூட பஸ் தனி ரகம். வருஷத்தில் பாதி நாள் ஓடாது, ஓடுகிற நாளிலும் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, அதனால் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும், அதைக் காட்டித்தான் விற்பார்கள். ஆனால் நின்ற இடத்திலேயே துரு ஏறியிருக்கும். நான் விடிந்ததும் சொல்லாமல் போய் நிற்பேன். முதல் காரியம் எஞ்சின் மேல் கை வைப்பது. சூடாக இருந்தால் எனக்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான், அதாவது ஜில்லென்று கிடக்கிற எஞ்சின் தானாகக் கிளம்பாது, அதை மறைக்கிறான் என்று அர்த்தம். அப்புறம் புதுப் பெயிண்ட் அடித்த இடத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்ப்பேன். எமர்ஜென்சி கதவை நானே மூன்று தடவை திறந்து மூடுவேன். தரையில் ஒட்டியிருக்கும் ரப்பர் விரிப்பைக் கிளப்பிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் நான் சரி சொன்னது இல்லை. பெரியவர்கள் போகிற வண்டியில் ஒரு கோளாறு என்றால் கத்தி ரகளை பண்ணிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும், பாட்டுப் பாடிக்கொண்டே வரும்.

அண்ணாமலையும் நானும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. செட்டியார் வீட்டுப் பிள்ளை. ஐம்பது வருஷமாக நான் அவனுக்கு "டேய் சிக்கந்தரு", அவன் எனக்கு "டேய் அண்ணாமல". கொத்தமங்கலத்தில் அவர்கள் குடும்ப வீட்டில் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி, பின்கட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தான். அந்த வருஷம் காரைக்குடியிலிருந்து ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பஸ்கள் கொத்தமங்கலம் வரைக்கும் வர ஆரம்பித்தன. வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு வாசலில் இறக்கிவிட்டால் எந்தத் தாய்க்குத்தான் ஆசை வராது? ஏப்ரல் மாதமே பதினேழு பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் என் மூத்த மகன் டிரைவர். அதை அண்ணாமலை அதுவரை ஒரு வார்த்தை குத்திப் பேசியது கிடையாது.

"ஜூனுக்குள்ள ஒரு வண்டி என் வாசல்ல நிக்கணும்டா. இல்லையின்னா பூட்டிச் சாவிய பங்காளிககிட்ட குடுத்துட்டுப் போக வேண்டியதுதான்" என்றான். "நீ பாத்து சரின்னு சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டு வாங்குறேன்."

அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவன்தான் மறந்துவிட்டான்.

காளையார்கோவில் பக்கத்தில் செல்வம் என்று ஒரு புரோக்கர் போன் பண்ணினான். கொரோனாவில் மூடிய பள்ளிக்கூடம், பிறகு திறக்கவே இல்லை, வண்டி ஷெட்டில் நிற்கிறது என்றான். காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். எஞ்சின் ஜில்லென்று இருந்தது. ஒரே செல்ஃபில் பிடித்தது. புகை வெள்ளையாக வந்து கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. தரையைக் கிளப்பிப் பார்த்தேன், பலகை பலகையாக இருந்தது, தகரம் தகரமாக இருந்தது. பின் சக்கரத்துக்கும் அதன் மேல் பாடிக்கும் நடுவில் கையை விரித்து ஒரு சாண் வைத்துப் பார்த்தேன், தாராளமாகப் போனது. இதை நான் எல்லா வண்டிக்கும் செய்வேன், பட்டை உட்கார்ந்துபோயிருந்தால் இடைவெளி குறைந்திருக்கும். பட்டை என்றால் வண்டியின் கனத்தைத் தாங்க அடுக்கடுக்காக வில் மாதிரி வளைந்திருக்கும் இரும்பு. சீட்டுகளின் முதுகில் காம்பஸ் முள்ளால் பேர்கள் கீறியிருந்தது, அது எந்தப் பள்ளிக்கூட பஸ்ஸில்தான் இல்லை. மொத்தத்தில் நல்ல வண்டி. இதைவிட மட்டமான வண்டிகளுக்கெல்லாம் நான் சரி சொல்லியிருக்கிறேன்.

"செல்வம், ரோட்டுல ஓட்டிப் பாக்கணும்."

"தாராளமா ஓட்டுங்க பாய். அப்படியே கொத்தமங்கலத்துக்கே கொண்டு போயி அவுகட்ட காட்டிருங்க. நான் மத்தியானமா வந்துர்றேன்."

ஷெட்டுக்கு முன்னால் இருந்த கேட் கரகரவென்று மாட்டிக்கொண்டது. செல்வம் அதைத் தள்ளித் திறக்கிற வரைக்கும் ஒரு இரண்டு நிமிஷம் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றேன். இடது பக்கத்துப் படிக்கதவு அப்போது திறந்துதான் இருந்தது. கிளம்புகிறபோது இறங்கிப் போய் மூடினேன். அன்றைக்கு அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

காலி பஸ் எப்படிப் போகும் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தடையில் ஏறினால் பின்பக்கம் ஒரு உதை உதைக்கும், கண்ணாடியெல்லாம் கலகலக்கும், காலி டப்பாவைக் கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி ஒரு சத்தம் வரும். இந்த வண்டி முதல் வேகத்தடையில் மெத்தென்று அமுங்கி மெத்தென்று எழுந்தது. சத்தமே இல்லை. பரவாயில்லையே என்றுதான் நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் ஆடு குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன், நின்றது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டித்தான் நின்றது, பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி. கண்மாய்க் கரை மேட்டில் ஏறும்போது மூன்றாவது கியரில் முக்கியது, இரண்டுக்கு வந்தால்தான் ஏறுவேன் என்றது. சக்கரத்தில் பிரேக் பிடித்திருக்கிறதோ என்று ஓரமாக நிறுத்தி நாலு சக்கரத்துப் பிரேக் டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. பிறகுதான் பட்டையைப் பார்த்தேன். வில் மாதிரி இருக்க வேண்டியது கோடு மாதிரி நேராகக் கிடந்தது. காலையில் என் சாண் தாராளமாகப் போன இடத்தில் நாலு விரல்தான் போனது.

அப்போதும் நான் பயப்படவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. செல்வம் என்னை ஏமாற்றிவிட்டான், அடிச் சட்டத்தில் துருவை மறைக்கத் தகடு மேல் தகடாக வெல்டிங் வைத்து வண்டியைக் கனமாக்கியிருக்கிறான், காலையில் சாண் வைத்ததில் நான்தான் ஏமாந்துவிட்டேன் என்றெல்லாம் ஓடியது. கல்லலுக்கு முன்னால் ஒரு நெல் மில்லில் லாரி எடை போடுகிற எடைமேடை இருக்கிறது. ஏற்றிப் பார்த்துவிட்டால் குட்டு வெளுத்துவிடும் என்று வண்டியை அங்குட்டுத் திருப்பினேன்.

மணி பத்து இருக்கும். நல்ல வெயில். எடைமேடை அறைக்குள் முத்துலெட்சுமி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தது, இருபத்திரண்டு இருபத்து மூன்று வயசு இருக்கும். வண்டியை மேடையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டிரைவர் கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தேன். ஆர்.சி. புத்தகத்தில் காலி வண்டியின் எடை நாலாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ என்று போட்டிருந்தது.

"ஐயாயிரத்து எழுநூத்தி முப்பது" என்றது அந்தப் பெண்.

"காலி வண்டி தாயி அது. நல்லாப் பாரு."

"சிவப்புல எரியுதுல்ல பாய், நீங்களே பாருங்க. உள்ள ஆளுக இருக்காகளா?"

"நீயே வந்து பாக்குறியா?"

அது வரவில்லை. நான்தான் போனேன். இடது பக்கம் சுற்றிப் போய் படிக்கதவை நன்றாகத் திறந்து வைத்து, ஒரு காலைப் படியில் வைத்து எட்டிப் பார்த்தேன். சீட்டு, கம்பி, கண்ணாடி வழியாக விழுந்து கிடக்கிற வெயில், வேறு ஒன்றுமே இல்லை. கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு அறைக்குத் திரும்பினேன். நான் உள்ளே நுழையவும் அந்தப் பெண் "பாய்" என்று எந்திரத்தைக் காட்டியது.

எண் இறங்கிக்கொண்டிருந்தது. எழுநூற்றுப் பத்து. அப்புறம் கொஞ்சம் நின்று அறுநூற்று எண்பது. கொஞ்சம் நின்று அறுநூற்று அறுபது. அந்த எந்திரம் பத்துப் பத்தாகத்தான் காட்டும். இருபது, முப்பது, இருபது, இருபது, முப்பது என்று குறைந்தது. கோளாறான எந்திரம் என்றால் எண் தாறுமாறாகக் குதிக்கும், நான் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. ஒன்று முடிந்து இன்னொன்று. ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை எண் குறையும்போதும் பட்டை க்ரீக் என்று முனகியது, படிப்பக்கம் ஒரு நூல் தாழ்ந்து, பிறகு வண்டி மொத்தமும் ஒரு நூல் உயர்ந்தது. பள்ளிக்கூட பஸ் நின்று பிள்ளைகள் இறங்குவதை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள், அதேதான், பிள்ளைகள் மட்டும் இல்லை. படிக்குக் கீழே மேடை மேல் வெயில் அப்படியே கிடந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் நாலாயிரத்து எண்ணூற்று அறுபதில் வந்து நின்றது.

"இருபது நிக்கிது பாய்" என்றது முத்துலெட்சுமி, மெதுவாக, ஏதோ தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி.

காத்திருந்தோம். குறையவில்லை. நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது, வண்டிக்குப் பக்கத்தில் போய்ப் படியோரமாக நின்றுகொண்டு, "எறங்குத்தா, எல்லாரும் எறங்கிட்டாக" என்றேன். முப்பது வருஷ மெக்கானிக், தாயத்தை டூல்ஸ் பெட்டிக்குள் போட்டவன், ஒரு காலி பஸ்ஸைப் பார்த்து அப்படிச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தப் பெண் முதல் எடைக்கு அடித்த சீட்டை மட்டும் கொடுத்தது, "மெஷின் கோளாறுன்னு எழுதி வச்சுர்றேன் பாய்" என்றது, என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறி ஓட்டினேன். அடுத்த வேகத்தடையில் பின்பக்கம் உதைத்தது, கண்ணாடி கலகலத்தது, காலி டப்பா சத்தம். கொத்தமங்கலம் வரைக்கும் அந்தச் சத்தத்தோடுதான் போனேன்.

அண்ணாமலை வாசலிலேயே நின்றிருந்தான். டீச்சர்கள் நாலைந்து பேர் வெளியே வந்துவிட்டார்கள். அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கையால் தடவிப் பார்த்தான்.

"எஞ்சின் எப்படிடா?"

"நல்லாருக்கு."

"பாடி?"

"நல்லாருக்கு."

"பிரேக்கு, டயரு?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த வண்டி வேணாம்டா."

தனியாகக் கூப்பிட்டுப் போய் நடந்ததைச் சொன்னேன். சீட்டைக் கையில் கொடுத்தேன். பாதியில் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் நல்ல சிரிப்புதான், பிறகு அது வேறு மாதிரி ஆனது. அவனே செல்வத்தை வரச்சொல்லி வண்டியை அதே மேடைக்குக் கொண்டு போய் எடை போட்டுப் பார்த்தான். நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. "இருபது கிலோ டீசலுடா" என்றான். முத்துலெட்சுமியும் காலையில் எந்திரம் கோளாறு என்றுதான் சொன்னதாம். திரும்பி வந்து, டீச்சர்கள் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டான்.

"ஒம் மகன் அந்தப் பெரிய பள்ளிக்கொடத்துலதானடா வண்டி ஓட்டுறான்? நான் மூடிட்டா அவுகளுக்குத்தானே லாபம்?"

அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் அவனிடம் கொண்டுபோய்ப் போடலாம் என்று அலைந்தேன். செல்வத்தைப் பிடித்து அந்த வண்டியின் பழைய டிரைவர் நம்பரை வாங்கிப் பேசினேன். வண்டி எங்காவது மோதியிருக்க வேண்டும், ஏதாவது பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன், அப்படி ஒன்று இருக்காதா என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அந்த மனுஷன், "ஒரு கீறல் கெடையாது பாய். ஒம்பது வருசம் ஓட்டுனேன், ஒரு பிள்ளைக்குக் காலு சுளுக்குனது கெடையாது" என்றான். பிறகு, "கடைசி நாளுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு லேட் பண்ணாம வந்து நில்லுங்கடான்னு சொல்லித்தான் எறக்கி விட்டேன். மக்யா நாளு ஊரடங்குன்னுட்டாக. அதுக்கப்புறம் ஒரு பிள்ளையக்கூட நான் பாக்கல" என்றான். போனை வைக்கிற நேரத்தில், "வண்டி நல்லாருக்கா பாய்?" என்று கேட்டான். நல்லாயிருக்கிறது என்றேன்.

அண்ணாமலை வண்டியை வாங்கிவிட்டான். ஜூனில் வாழைமரம் கட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட ஆரம்பித்தது. இன்றுவரை ஓடுகிறது. ஒரு விபத்து இல்லை, ஒரு நாள் நடுரோட்டில் நின்றது இல்லை, ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. பரிசோதனைக்குப் போனால் முதல் தடவையிலேயே பாஸ் ஆகிறது. போன பிள்ளைகளில் பாதி திரும்பி வந்துவிட்டதாகக் கேள்வி. பாய்க்குக் கண்ணு போச்சு, கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அண்ணாமலை யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் டீச்சர்களுக்கு வாய் இருக்கிறதே. என்னைக் கூப்பிட்டு வண்டி பார்க்கிற ஆட்கள் ஒவ்வொருத்தராகக் குறைந்து, இப்போது மாதம் ஒரு போன் வந்தால் பெரிது. அதற்கு நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். அதைவிடக் கேவலமான ஒன்று சொல்கிறேன், கேட்டுவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். அந்த பஸ் என் தெரு முனையைத் தாண்டிப் போகிற சில காலைகளில், அது எங்காவது உடைந்து நின்றால் தேவலை, ஆளில்லாமல், பிள்ளைகள் யாரும் இல்லாமல், சும்மா ஆக்ஸில் முறிந்து நின்றால் போதும் என்று நினைத்திருக்கிறேன். பள்ளிக்கூட பஸ் உடைய வேண்டும் என்று நினைத்தவன் நான். என்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அண்ணாமலையை நேருக்கு நேர் பார்த்தேன். சண்டை போட்டாலும் பரவாயில்லை என்றுதான் எதிரில் போனேன். அவன் எழுந்து நின்று கையைக் கூப்பி, "வாங்க பாய், நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்றான். ஐம்பது வருஷம் டேய் போட்ட வாய். "சாப்பிட்டேங்க" என்றேன். என் வாயிலும் அதுதான் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் மெஷின் கோளாறு என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டு இருந்திருப்பேன். ஆறு மாதத்துக்கு முன்னால் குன்றக்குடியில் ஒரு வேனைப் பார்க்கப் போன இடத்தில், பூக்கடை வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. முத்துலெட்சுமி. கல்யாணமாகி அங்கேயே இருக்கிறதாம், எடைமேடை வேலையை அந்த மாதமே விட்டுவிட்டதாம்.

"மறுநாளே ஆளு வந்து பாத்தாக பாய். எடைக்கல்ல அடுக்கி வச்சு சரி பாத்தாக. ஒரு பத்து கிலோ வித்தியாசங்கூட இல்லன்னுட்டாக."

"ஏன்த்தா அத என்கிட்ட சொல்லல?"

"உங்க நம்பரு இல்ல. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்." குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டது. "அன்னைக்கி கடைசியில நீங்க வண்டிய எடுக்க ஏறுனீகள்ல. நான் மெஷினையே பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாலாயிரத்து எண்ணூத்தி அறுபதுல நின்னுச்சு. நீங்க கதவத் தொறந்து ஏறி உக்காந்தீக, ஸ்டார்ட் பண்ணுனீக. உங்க எடைக்கு நம்பரு ஏறணும்ல, ஏறவே இல்ல பாய். அப்படியே அறுபதுலயே நின்னுச்சு."

ஏதோ கேட்க நினைத்தேன், அதற்குள் அதன் வீட்டுக்காரர் பைக்கில் வந்துவிட்டார், அது ஏறிப் போய்விட்டது.

அன்றைக்குத் திரும்பி வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் இருக்கிற எடை மெஷினில் ஏறி நின்றேன். எழுபத்திரண்டு. மறுநாளும் எழுபத்திரண்டு. எனக்கு ஒரு குறையும் இல்லை, சுகர்கூட இல்லை. இருந்தாலும் எந்த ஊரில் எந்தக் கடையில் எடை மெஷினைப் பார்த்தாலும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிடுகிறேன், மனைவி கூட இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு ஏறுகிறேன். ஏறி நின்றதும் எழுபத்திரண்டு உடனே வராது, பார்த்திருக்கிறீர்களா, ஒரு நொடி பூஜ்யத்திலேயே நிற்கும். அந்த ஒரு நொடி போதும் எனக்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.